ஜாக்கெட் எட்டு நாள் லேட்டு, இருந்தாலும் அடுத்த துணியும் அங்கதான் குடுத்திருக்கேன்

நாத்தனார் மகளுக்கு ஆவணியில கல்யாணம். ஆடி பொறந்ததுமே துணியத் தூக்கிட்டு அலைய ஆரம்பிச்சுட்டேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் நான் வழக்கமா குடுக்குற டைலரு "ஆவணி ஆர்டர் முடிஞ்சுபோச்சுக்கா, புரட்டாசில வாங்க"ங்கறாரு, புரட்டாசில யாரு வீட்லய்யா கல்யாணம் வெப்பாய்ங்கன்னு கேட்டா சிரிக்கிறாரு. இன்னொரு எடத்துல லைனிங் ஜாக்கெட்டுக்கு 750 ரூவா கேட்டாய்ங்க, அதுவும் ஆரி வொர்க் இல்லாம, வெறும் பைப்பிங் வெச்சதுக்கு. எங்க மதினி டி.கல்லுப்பட்டி தாண்டி ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல டீச்சர், அவங்கதான் "எங்க பக்கம் ஒரு தையக்கடை இருக்கு, தையல் சுத்தமா இருக்கும், ஆனா நீ கோவப்படக் கூடாது"ன்னாங்க. தையக்கடைக்குப் போறதுக்கு எதுக்குக் கோவம்னு நெனச்சுக்கிட்டே கெளம்பினேன்.

கடை பேரும் ஊரு பேரும் போட மாட்டேன். திருமங்கலத்துல இருந்து பேரையூர் போற வழியில ஒரு ஊருன்னு மட்டும் வெச்சுக்கோங்க. பேரு போடாம என்ன ரிவியூன்னு கேப்பீங்க, நியாயந்தான். கடைய நடத்துற அக்கா கேட்டுக்கிட்டது அது. அங்க வேல பழகுற புள்ளைகள்ல ரெண்டு பேரு கேஸ் இன்னும் கோர்ட்ல நடக்குது, கூட்டிட்டுப் போயி வித்த ஆளுங்க ஜாமீன்ல வெளிய சுத்துறாய்ங்க. நெசமாவே துணி தைக்கணும்னா என்கிட்ட கேளுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.

நான் போன அன்னைக்கு ஆடி அமாவாசை நெருக்கம், பஸ் பூரா சதுரகிரி போற கூட்டம், டி.கல்லுப்பட்டி வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன். கடைன்னா பெருசா ஒண்ணுமில்ல, ஓட்டு வீடு, முன்னாடி தாழ்வாரம், உள்ள ஏழு தையல் மெஷின். ஏழும் கால் மெஷின்! மோட்டார் ஒண்ணு கூட கெடையாது. இந்தக் காலத்துலயான்னு நெனச்சேன். பின்னாடி ரூம்ல மட்டும் துணி ஓரம் பிரியாம அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒண்ணு கரண்டுல ஓடுது.

கழுத்துல டேப்பு போட்டுக்கிட்டு ஒரு புள்ள வந்துச்சு, பதினேழு வயசு இருக்கும். "அத்தை, அளவு எடுக்கட்டுமா? தொட்டுத்தான் எடுக்கணும். தொடலாமா? வேணாம்னா அளவு ஜாக்கெட் குடுங்க, அத வெச்சு வெட்டிருவோம்"னுச்சு.

எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. நாப்பது வருஷத்துல எத்தன டைலர் அளவு எடுத்திருப்பாய்ங்க, ஒரு ஆளு இப்பிடிக் கேட்டதில்ல. அது மட்டுமில்ல, நம்ம பக்கத்து ஊருகள்ல ஒரு மலைசாதிப் புள்ள தொடலாமான்னு கேட்டா அதுக்கு வேற அர்த்தம் ஒண்ணு இருக்கு, சொல்லித் தெரிய வேண்டியதில்ல. நான் பதறிப்போயி "ஏத்தா இதெல்லாம் கேட்டுக்கிட்டு, தாராளமாத் தொடு"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன், எனக்கே என் குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு. வெட்டுற மேசைல இருந்த அக்கா நிமிந்து பாத்துட்டு, "அதுக்கு இல்ல மதினி"ன்னாங்க. "அந்தத் தொடலாமாவ ஊருதான் எங்களச் சொல்ல வெச்சுச்சு. இது நாங்களா கேக்குறது. யாரு மேல கை வெச்சாலும் கேட்டுட்டுத்தான் வெக்கணும், இந்தப் புள்ளைக மேல யாரு கை வெச்சாலும் இவுகளக் கேக்கணும். கேட்டுக் கேட்டுப் பழகினாத்தான் ஒருத்தன் கேக்காமத் தொடும்போது இது தப்புன்னு ஒடனே தெரியும்."

தோள்ல வெக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, இடுப்புக்கு வரும்போது ஒரு தடவ, அந்தப் புள்ள ஒவ்வொண்ணுக்கும் சொல்லிச் சொல்லி எடுத்துச்சு. ஒரு ஜாக்கெட் அளவுக்குப் பதினஞ்சு நிமிஷம். ஆனா ஒண்ணு, அன்னைக்குத்தான் வயித்த உள்ளிழுத்துக்காம அளவு குடுத்தேன்.

இனிமே கோவம் வர்ற சமாச்சாரத்துக்கு வர்றேன். கடை காலைல 9.30க்குத் தொறக்கும், சாயங்காலம் 5.30க்கு முடிஞ்சுரும். 5.30ன்னா 5.30தான், ஊசி துணிக்குள்ள நிக்கிதுன்னாலும் எந்திரிச்சிருவாங்க. ராத்திரி வேல கெடையாது. அர்ஜெண்ட் கெடையாது. தீவாளிக்குக் கூட இத்தன துணிதான்னு ஒரு கணக்கு, அதுக்கு மேல திருப்பி அனுப்பிருவாங்க. நான் அஞ்சு ஜாக்கெட்டு, ரெண்டு பாவாட சட்ட, முன்னூறு தாம்பூலப் பை எல்லாத்தையும் வெச்சுட்டு, "கொஞ்சம் சேத்துத் தர்றேன், ராத்திரி உக்காந்து முடிச்சுக் குடுங்க"ன்னு கேட்டேன். அக்கா மொகம் மாறல, குரல் மட்டும் இறுகிருச்சு. "அது இங்க இல்ல மதினி. வேணும்னா ரெண்டு ஜாக்கெட்ட வேற எடத்துல குடுத்துருங்க." எங்க மதினி என் கையக் கிள்ளுனாங்க.

அவங்க கதைய நான் கேக்கல. பை எண்ணி வாங்கப் போனப்ப மழை புடிச்சிருச்சு, பஸ்ஸும் இல்ல, தாழ்வாரத்துல உக்காந்திருந்தோம், அவங்களாத்தான் சொன்னாங்க. எழுதலாமான்னு கேட்டதுக்கு, "நான் யாருன்னு தெரியாம எழுதுங்க, அந்த புரோக்கரு என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்கிறத மட்டும் நல்லா எழுதுங்க"ன்னாங்க.

அக்கா பளியர், மலைப் பழங்குடி. மேற்கு மலை அடிவாரத்துல பொறந்தவங்க. பளியருக்குத் தேன், கிழங்கு, நெல்லி, கடுக்கான்னு காடுதான் எல்லாமே. அந்தக் காடு 1988ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு, 2021ல புலிகள் காப்பகமும் ஆயிருச்சு. வன உரிமைச் சட்டம் 2006லயே வந்துச்சு, தேனும் கிழங்கும் எடுக்குறது அவங்க உரிமைன்னு சட்டமே சொல்லுது, ஆனா சட்டம் மலையேறி வர்றதுக்குள்ள ஜனங்க தோட்ட வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிக் கடன்ல விழுந்துட்டாங்க. அக்காவோட அப்பா தேன் எடுக்கப் போயி கொடி அறுந்து விழுந்து செத்தாரு. பதினாறாம் நாள் முடியல, ஒரு அம்மா வந்துருச்சு. நல்ல சேல, கைல பழம். "புள்ளைய மில்லுக்கு அனுப்பு, 3 வருஷம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும், மொத்தமா 30,000 ரூவா கைல குடுப்பாங்க, கல்யாணத்துக்கு ஆச்சு. ஹாஸ்டல்ல டிவி இருக்கு, வாரம் ஒருக்கா கறி."

சுமங்கலித் திட்டம்னு பேரு அதுக்கு, கேம்ப் கூலின்னும் சொல்லுவாய்ங்க. திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்னு நூல் மில்லு உள்ள பக்கமெல்லாம் நம்ம ஊரு புள்ளைகளப் பஸ்ஸு வெச்சு அள்ளிட்டுப் போன காலம், இப்ப உள்ள புள்ளைகளுக்குத் தெரியாது. தாலி ஆசைய வெச்சே ஒரு கொத்தடிமை வேலைக்குப் பேரு வெச்சிருக்காய்ங்கன்னா பாத்துக்கோங்க. அக்காவுக்கு அப்ப பதினஞ்சு. ஷிப்டு 12 மணி நேரம், ஆளு வரலன்னா அடுத்த ஷிப்டும் சேத்து. ஹாஸ்டல் கதவ வெளிய பூட்டிருவாங்க. வாரத்துக்கு ஒரு போன், அதுவும் வார்டன் பக்கத்துல நின்னு கேக்கும். தீட்டு வயித்து வலிக்கு பேரு இல்லாத மாத்திர ஒண்ணு, அதத் தின்னுட்டு மெஷின்ல நிக்கணும். ஹால்ல ஒரு கடிகாரம் கூட கெடையாதாம், மணி என்னன்னு கேட்டா "ஒனக்கெதுக்கு"ன்னு சத்தம் போடுவாங்களாம். ரெண்டே முக்கா வருஷம் ஆச்சு, பஞ்சுத் தூசில இருமி இருமி ரத்தம் வரவும் வீட்டுக்கு அனுப்பிட்டாய்ங்க. மூணு வருஷம் முடிக்கலையாம், அதனால மொத்தப் பணம் கெடையாதாம்.

அந்த அம்மா திரும்ப வந்துச்சு. ஒங்கம்மா வாங்கின அட்வான்ஸு நிக்கிது, இந்தத் தடவ வேற வேலன்னு சொல்லி வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போச்சு. அது எந்த ஊரு, என்ன வேலன்னு அக்கா சொல்லல. அந்த எடம் வந்ததும் மழையப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் இருந்துட்டு, "அங்கிருந்து ஓடியாந்தேன், பத்தொம்பது வயசு"ன்னாங்க. நானும் கேக்கல.

கடைல உள்ள பெரிய கடிகாரம் எனக்கு அப்பத்தான் ஒறச்சுச்சு. ரயில்வே ஸ்டேஷன்ல இருக்க மாதிரி வட்டமா, வெள்ளையா, தைக்கிற ஆளுங்க கண்ணுக்கு நேரா மாட்டிருக்கு. நாம ஒக்கார்ற பெஞ்சுல இருந்து பாத்தா தெரியாது. வாசக்கதவும் நாள் பூராத் தொறந்தேதான் கெடக்கும், மழை சாரல் உள்ள அடிச்சாலும் சாத்த மாட்டாங்க, துணியத்தான் உள்ள தள்ளி வெப்பாங்க. (என் பை ஒரு கட்டு லேசா நனைஞ்சுச்சு. காயப்போட்டுத்தான் குடுத்தாங்க, அதையும் சொல்லணும்ல.)

தேறி வந்தது எப்பிடிக்கான்னு கேட்டேன். ஊருக்கு வந்ததும் ஆளாளுக்குப் பேசிருக்காய்ங்க, கீழ டவுன்ல ஒரு எடத்துல கவுன்சிலிங்குன்னு கூப்புட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஃபார்ம் நெரப்புனாங்களாம், அங்க ரெண்டாவது தடவ போகல. பாட்டிதான் மேல கூட்டிட்டுப் போயிருச்சு. ஒரு கேள்வி கேக்கலையாம் பாட்டி. காலைல எந்திரிச்சா கடப்பாரைய எடுத்துக்கிட்டு கெழங்கு தோண்டப் போறது. காட்டு வள்ளிக் கெழங்கு தோண்டுறது லேசுப்பட்ட வேல இல்ல, ஆள் ஒசரத்துக்குக் குழி எடுக்கணும், கெழங்க முழுசா எடுக்காம மேல் கொடியும் கொஞ்சம் கெழங்கும் விட்டு மண்ணத் தள்ளி மூடிட்டு வரணும், அடுத்த வருஷம் அதுவே திரும்ப வெளையும். பேசாமலே மாசக்கணக்கு. கூரைக்குள்ள படுக்க முடியாது, பாறை மேலதான் படுப்பாங்க, பாட்டி பக்கத்துல தீ மூட்டிட்டு ஒக்காந்திருக்கும். "ஒரு நாளு குழிக்குள்ள நின்னுக்கிட்டுப் பாடுனேன் மதினி. நான் பாடுறேன்னு எனக்கே தெரியல, பாட்டி மேல இருந்து எட்டிப் பாத்துச்சு, அப்பறம்தான் தெரிஞ்சுச்சு."

தையல் பழகினது அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் கழிச்சு. மோட்டார் மெஷின் போட்டதும் அந்த இரைச்சல் மில்லு மாதிரியே இருக்கவும் எந்திரிச்சு வெளிய ஓடிட்டாங்களாம். கால் மெஷின்னா நாம மிதிச்சாத்தான் சத்தம், நிறுத்துனா நின்னுரும். அதனாலதான் ஏழும் கால் மெஷின். அந்த ஓவர்லாக் ஓடும்போது அக்கா இன்னிக்கும் தாழ்வாரத்துக்கு வந்துருவாங்க, டீ குடிக்கிற மாதிரி.

அந்த ஓவர்லாக்க ஓட்டுறது ஒரு பையன். முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டா வெள்ளத் தழும்பு, ரெண்டு எடத்துல சதை சுருங்கி இருக்கு. எண்ணெய் தெறிச்சது. நம்ம உசிலம்பட்டி, பேரையூர், தேனிப் பக்கத்து ஆளுகளுக்குச் சொல்லவே வேணாம், முறுக்கு கம்பெனி. அப்பன்காரன் கைல அட்வான்ஸக் குடுத்துட்டுப் பையனை மகாராஷ்டிரா அங்கிட்டு ரயிலேத்திருவாய்ங்க, விடியக்காலைல கொதிக்கிற சட்டி முன்னாடி நின்னா ராத்திரி வரைக்கும். இவன் பதிமூணு வயசுல போயி பதினாறுல மீட்டு வந்திருக்காய்ங்க. இப்ப பத்தாவது பிரைவேட்டா எழுதப் போறான், கணக்குல லந்து குடுக்குறான்னு எங்க மதினியே சனிக்கிழம சனிக்கிழம போயி சொல்லிக் குடுக்குறாங்க.

இங்க ஒரு விஷயம் கொஞ்சம் வெவரமாச் சொல்றேன், யாருக்காவது ஒதவும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தது. மீட்ட ஆளுக்கு அரசாங்க அதிகாரி குடுக்குற விடுதலைச் சான்றுதான் உசுரு, அது இருந்தாத்தான் அட்வான்ஸ் கடன் செல்லாதுன்னு காட்ட முடியும், மறுவாழ்வுப் பணமும் வரும். 2016ல வந்த மத்திய அரசுத் திட்டப்படி ஆம்பளைக்கு 1 லட்சம், பொம்பளைக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்திக் கொண்டுபோயி ரொம்பக் கொடுமப்பட்டவங்களுக்கு 3 லட்சம். ஒடனடி ஒதவி மொதல்ல 20,000 இருந்துச்சு, இப்ப 30,000 வரைக்கும் ஆக்கிருக்காங்க. மொத்தப் பணத்துக்குக் கேஸ்ல தண்டனை ஆகணும்ங்கறதால அது இழுத்துக்கிட்டே கெடக்கும், ஒடனடிப் பணத்துக்கு அது தேவையில்ல. பல பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாம சும்மா வந்துருதுக. அக்கா இந்தப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி அந்தச் சான்று வாங்குறாங்க. பளியர் புள்ளைகளுக்கு சாதிச் சான்று வேற, எஸ்டிக்குத் தாசில்தார் குடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் குடுக்கணும், அதுக்கு ஒரு நடை. வாரத்துல ஒரு நாள் இதுக்கே போயிருது, அன்னைக்கு வெட்டுற மேசை சும்மா கெடக்கும். என் துணி லேட்டானதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அக்காவுக்கு மட்டும் அந்தச் சான்று கெடையாது. அவங்கள யாரும் மீட்கல, அவங்களா ஓடி வந்தாங்க. அதிகாரி வந்து மீட்டதா காயிதம் இல்லாததால ஒண்ணும் இல்ல. இதச் சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, "என்னைய நானே மீட்டதுக்கு யாரு மதினி கையெழுத்துப் போடுவா?"

சனிக்கிழம சம்பளம். நோட்டுல அவங்கவங்க துணி எண்ணிக்கைய அவங்கவங்களே எழுதி, கூட்டி, சத்தமாப் படிச்சுட்டுக் காசு வாங்கணும். கூட்டல் தப்பா இருந்தா காசு குடுக்க மாட்டாங்க, திரும்பக் கூட்டச் சொல்லுவாங்க. ஒரு சின்னப் புள்ள, எழுதப் படிக்க இப்பத்தான் பழகுது, நான் இருந்த அன்னைக்கு அஞ்சு தடவ கூட்டுச்சு. அஞ்சாவது தடவ அக்கா போட்ட கணக்குலதான் 20 ரூவா தப்பு, அந்தப் புள்ள கண்டுபுடிச்சிருச்சு. கடையே கத்துச்சு. அக்கா வேணும்னே தப்பாப் போட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம், கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க.

போறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், பாவம் பாத்துப் போகாதீங்க. போன வருஷம் ஆள்கடத்தல் எதிர்ப்பு நாளு, ஜூலை 30, அன்னைக்கு ஒரு காலேஜ் கூட்டம் கேமராவோட வந்து "உங்க வலிய சொல்லுங்க"ன்னுருக்காய்ங்க. அக்கா எல்லாத்துக்கும் ஆளுக்கொரு ஜாக்கெட்டக் குடுத்து கொக்கி தைக்கச் சொல்லிட்டாங்களாம். ரெண்டு மணி நேரம் விரலக் குத்திக்கிட்டுத் தைச்சுட்டுப் போயிருக்குதுக. அதுல ரெண்டு புள்ளைக இப்பவும் மாசம் ஒருக்கா வந்து பத்தாவது புள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குதாம். உள்ள போனதும் செவுத்துல பெயிண்ட்ல பெருசா 1098, அதுக்குக் கீழ 181ன்னு எழுதிருக்கு, மொதல்ல நான் கடை போன் நம்பர் பாதி அழிஞ்சு போச்சுன்னு நெனச்சேன், அப்பறம்தான் தெரிஞ்சுச்சு, 1098 குழந்தைகளுக்கு, 181 பொம்பளைகளுக்கு, ஆபத்துன்னா கூப்புடுற ஒதவி நம்பர். அத மட்டும் போட்டோ எடுத்துக்கலாம், அதுக்கு அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

சரி, தையலு. லைனிங் ஜாக்கெட் 350, சாதா 180. தாம்பூலப் பை ஒண்ணு 22 ரூவா, மஞ்சத் துணி நல்ல கெட்டி, தேங்காய் போட்டுத் தூக்கினாலும் கைப்பிடி பிரியல, முன்னூறுலயும் ஒரு பை கூட புகார் வரல. ஜாக்கெட்டு கழுத்து வெட்டு அவ்வளவு சுத்தம், பைப்பிங் எங்கயும் முறுக்கல, உள்பக்கம் திருப்பிப் பாத்தா ஒரு நூல் தொங்கல. அக்கா வெட்டுறதுக்கு முன்னாடி துணியத் தண்ணில நனைச்சுக் காயவெச்சுத்தான் வெட்டுறாங்க, இப்ப டவுன்ல யாரு செய்றா? ஆனா சொன்ன தேதிக்கு எட்டு நாள் லேட்டு. கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னாடிதான் கைக்கு வந்துச்சு, அது வரைக்கும் எனக்கு வயித்தக் கலக்கிக்கிட்டே இருந்துச்சு, போன் பண்ணா "முடிஞ்சதும் சொல்றோம் அத்தை"ன்னு அந்தப் புள்ள தேன் மாதிரி பேசுது. தேன்னதும் ஞாபகம் வருது, அக்காவோட தம்பி எடுத்துட்டு வர்ற மலைத்தேனும் அங்க கெடைக்கும், கொஞ்சம் கசப்பு ஓடும், அதான் நல்ல தேனு. கொசுத்தேன் வந்தா ஒடனே தீந்துரும், சொல்லி வெக்கணும்.

அப்பறம் அந்த இடது கை. பச்சை பட்டு ஜாக்கெட்டு, மாப்ள அழைப்பு அன்னைக்குப் போட்டா இடது கை முழங்கைக்கு மேல ஏறவே இல்ல. வலது கை கச்சிதம். மண்டபத்து ரூம்ல எங்க மதினி பிளேடால ரெண்டு தையலப் பிரிச்சு விட்டு, முந்தானைய அந்தப் பக்கம் இழுத்துப் போத்திக்கிட்டே வரவேற்புல நின்னேன். எல்லா போட்டோலயும் நான் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறேன்.

மறு வாரம் சண்டை போடத்தான் போனேன். அளவு எடுத்த புள்ள நோட்டப் புரட்டிப் பாத்துட்டு, "இடது கை அளவு நான் எடுக்கவே இல்ல அத்தை, வலது கைய வெச்சே எழுதிட்டேன், தப்பு என்னுது"ன்னு நேரா நின்னு சொல்லிருச்சு. அழுகல, கெஞ்சல. அக்கா குறுக்க வரவே இல்ல, ஓவர்லாக் ஓடிட்டு இருந்துச்சு, தாழ்வாரத்துல டீயோட நின்னாங்க. அந்தப் புள்ள டேப்ப எடுத்துக்கிட்டு, "இடது கைய மட்டும் எடுத்துக்கலாமா?"ன்னுச்சு. எடுத்துக்கத்தான்னு கைய நீட்டினேன். வலத விட அரை இஞ்சு பெருசு. நாப்பது வருஷமா எனக்கே தெரியல.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் போடப் போறேன், ஒண்ணு கைக்குக் கொறச்சதுன்னு அக்காகிட்டச் சொன்னேன். "லேட்டுக்கும் அரை கொறச்சுக்கோங்க மதினி, ஆனா 5.30க்கு மேல தைக்க மாட்டோம்"ன்னாங்க. தைப்பூசத்துக்கு ரெண்டு ஜாக்கெட் குடுத்துட்டு வந்திருக்கேன். தேதி மார்கழின்னு எழுதிருக்கு.